நர்சிங், பாராமெடிக்கல் இன்டர்வியூவுக்குத் தயாராவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, என்ன கேப்பாங்க?" மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து நர்சிங் படிக்கப் போனவள் நான். இப்போது மதுரையில் வார்டு வேலை. அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் இன்டர்வியூ உண்டா என்று பாருங்கள்

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிப்புகளுக்கு நீட் மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும்தான். அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்றவற்றுக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போடுவார்கள். இவற்றில் உங்களை உட்கார வைத்து யாரும் கேள்வி கேட்பதில்லை. "அரசு சீட் இன்டர்வியூவுக்குப் பயிற்சி தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்டர்வியூ வருவது பெரும்பாலும் தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களுக்கும் (மேனேஜ்மென்ட் கோட்டா), ஆஸ்பத்திரிகளே நடத்தும் பயிற்சிகளுக்கும். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்துக் கண் பராமரிப்பில் பயிற்சி கொடுத்து வேலையும் தருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் மார்க்கோடு ஆளையும் பார்ப்பார்கள்.

2. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். "ஏன் இந்தப் படிப்பு?" என்ற கேள்வி வராத இன்டர்வியூ கிடையாது. "சேவை செய்ய ஆசை" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். "சரிம்மா, இதுவரை யாருக்கு என்ன செஞ்சிருக்கே?" என்று எதிரே இருந்த மேடம் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எங்கள் அம்மாச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது நான். அதெல்லாம் சொல்லத் தகுந்த விஷயம் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அதனால் நோட்டில் முதலில் எழுத வேண்டியது, உங்கள் கை பட்ட நோயாளிகள். காய்ச்சலில் கிடந்த தம்பி, பெரியாஸ்பத்திரியில் சித்தப்பாவுக்குத் துணையாக இருந்த இரவு, எதுவானாலும் சரி. என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எது புரியவில்லை என்று மூன்று வரி போதும்.

கொட்டாம்பட்டி பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, எழுத எதுவுமே இல்லை என்றாள். வீட்டில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்பத்தாவுக்குக்கா. இன்சுலின் போடுறாங்க."

"யாரு போட்டுவிடுறா?"

"நான்தான்."

"மருந்தை எங்கே வைக்கிறீங்க?"

"ஃபிரிட்ஜ் இல்லக்கா. மண்பானையில ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்ன டப்பாவுல வைப்போம். காலையில தண்ணி தெளிக்கிறது என் வேலை."

இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பானையை முழுக்கப் பேசினோம். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போவதால் பானை குளிர்கிறது. இன்சுலின் ஒரு புரதம், வெயிலில் கெட்டுவிடும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறைந்துபோனால் பயன்படாது. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும், அதனால் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கடைசி விஷயம் அவளுக்கு முன்பே தெரியும், அப்பத்தா வயிற்றைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். இன்டர்வியூவில் பாதி நேரம் பானையைப் பற்றியே கேட்டார்களாம். இடம் கிடைத்துவிட்டது.

வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்கா உங்கள் தெருவுக்கும் வருவார். 2021இலிருந்து நடக்கிற திட்டம். கேட்டுக்கொண்டு ஒரு நாள் அவர் கூட நடந்து பாருங்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினார்கள் என்று நாலு வீட்டில் காதால் கேட்டாலே நோட்டு நிறையும். ஒன்று மட்டும், நோயாளியின் பெயரை நோட்டிலும் எழுதக் கூடாது, இன்டர்வியூவிலும் சொல்லக் கூடாது.

3. "நீ என்ன செய்வே?" கேள்விகள்

12ஆம் படுக்கைக்குத் தர வேண்டிய மாத்திரையை 14ஆம் படுக்கைக்குக் கொடுத்துவிட்டாய், யாரும் பார்க்கவில்லை. என்ன செய்வாய்? முதலில் அந்த நோயாளியைப் போய்ப் பார்ப்பேன், உடனே பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடமோ டாக்டரிடமோ சொல்வேன், அவர்கள் சொன்னபடி செய்து, நடந்ததை எழுதி வைப்பேன். இந்த வரிசை முக்கியம். திட்டு விழுமே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, அதை ஒத்துக்கொண்டே சொல்லலாம்.

இன்னொன்று, ஒரு தாத்தா ஊசி வேண்டாம் என்கிறார். "புரிய வைப்பேன்" என்று பாய்ந்துவிடாதீர்கள். ஏன் வேண்டாம் என்று அவரிடம் கேட்பேன் என்று தொடங்குங்கள். போன தடவை கை வீங்கியிருக்கலாம், காசு கேட்பார்களோ என்று பயந்திருக்கலாம்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்குச் சில இடங்களில் இந்த மாதிரிக் கேள்விகள்தான் முழு இன்டர்வியூவுமே. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. அறை அறையாகப் போய், ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒரு சூழ்நிலைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

4. வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்

மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது உதவாது. செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். மனப்பாட வாசனை அடித்தால் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரிச் சொல்லிப் பாருங்கள். பெயர், ஊர், பள்ளி, வீடு பற்றி இங்கிலீஷில் ஐந்து வரி தயாராக இருக்கட்டும். அதற்குமேல் திணறினால், "தமிழில் சொல்லலாமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். தெரியாத கேள்விக்குத் "தெரியவில்லை மேடம்" என்று சொல்லிவிடுங்கள். ஊகித்து உளறினால் அடுத்த கேள்வியும் அங்கிருந்தே வரும்.

5. ஃபைலும் வீட்டாரும்

பத்து, பிளஸ் டூ மார்க்ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், போட்டோ. எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ். சான்றிதழ் இல்லாதவர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

பல இடங்களில் அப்பா அம்மாவையும் உள்ளே கூப்பிடுவார்கள். "நைட் டியூட்டிக்கு அனுப்புவீங்களா?", "படிப்பு முடியறதுக்குள்ள கல்யாணம் பேசிட மாட்டீங்களே?" என்று நேராகவே கேட்பார்கள். அங்கே அப்பா தயங்கினால் உங்கள் பதில் எடுபடாது. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

6. அன்றைக்கு

இஸ்திரி போட்ட சாதாரணச் சுடிதார் அல்லது சட்டை பேண்ட், ஒட்ட வெட்டிய நகம். நகத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் நிறைய உண்டு, இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் போக வேண்டியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காத்திருக்கும் பெஞ்சில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும், திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவர்கள் கேட்ட கேள்விகளை அதே நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த இடத்து இன்டர்வியூவுக்கு அதுவே உங்கள் பாடம். எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த வருடம் திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.