டிப்ரஷன் நேரத்தில் மனசு சொல்லும் வாக்கியத்தைச் சோதிப்பது எப்படி

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் யாராவது நாலு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தால் முதலில் கிடைக்கும் அறிவுரை, "கண்டதையும் நினைக்காத, பாசிட்டிவா இரு". டிப்ரஷனில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனமே இல்லை. மனச்சோர்வை எண்ணங்களை வைத்து விளக்கிய உளவியலாளர்கள் யாரும் இப்படிச் சொல்லவும் இல்லை. இப்போது உன் மனசில் ஓடுகிற வாக்கியம் உண்மையா, ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். அதை நீங்களே செய்து பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில், மனசு சட்டென்று கனத்த நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு, குரூப் 4 ரிசல்ட் வந்தது, வேலை கிடைக்கவில்லை. அவ்வளவுதான், நடந்ததை மட்டும். அடுத்து என்ன உணர்ந்தீர்கள்: அழுகை வந்தது, ரெண்டு நாள் படுக்கையை விட்டே எழவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இடம் விடுங்கள், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் சொன்ன ஏ-பி-சி இதுதான்: ஏ நடந்தது, பி அதைப் பற்றி நீங்கள் நம்புவது, சி அதன் விளைவு. நாம் எல்லோரும் ஏ-தான் சி-யைக் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொள்கிறோம், நடுவில் உட்கார்ந்திருக்கும் "நான் பாஸ் ஆகியே தீரணும், ஆகலைன்னா நான் மனுஷனே இல்லை" கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த நடு வரியை எழுதியதும் நிறுத்திவிடாதீர்கள். "சரி, அப்படியே இருக்கட்டும், அதனால் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். பாஸ் ஆகலை, அதனால் வீட்டில் மதிக்க மாட்டார்கள், அதனால் நான் எதற்கும் லாயக்கில்லை, அதனால் இனி எனக்கு ஒன்றும் நடக்காது. மனநல மருத்துவர் ஆரோன் பெக் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கவனித்தது இந்த வரிசையைத்தான். பிராய்டு வழி மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அவர், மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்ற பழைய கருத்துக்கு ஆதாரம் தேடி நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார்; கிடைத்ததோ தோல்வியும் இழப்பும்தான். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மூன்று பக்கமும் கெட்ட எண்ணமே தானாக ஓடுகிறது, அதற்கு அடியில் சின்ன வயசிலேயே ஊறிப்போன நம்பிக்கை ஒன்று இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். "ரேங்க் வாங்கினாத்தான் நீ என் புள்ள" என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஆதாரம் தேடுங்கள். இதற்கு உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் 1978இல் முன்வைத்த மூன்று பிரிவுகள் ரொம்பவே உதவும்: தோல்விக்குக் காரணம் நான் மட்டும்தானா, அது எப்போதுமே இருக்கப்போகிறதா, எல்லா விஷயத்திலும் அப்படித்தானா. மூன்றுக்கும் "ஆமாம்" என்று சொல்லிப் பழகியவர்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார் என்பது அவர்கள் வாதம். குரூப் 4க்கு வருவோம். 200 கேள்வியில் கணக்கும் மனத்திறனும் 25தான், அதில் கோட்டை விட்டிருக்கலாம். லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிற தேர்வில் சில ஆயிரம் பேருக்குத்தான் வேலை. "இந்த முறை கணக்கில் மார்க் போச்சு, போட்டியும் அதிகம்" என்று மாற்றி எழுதினால் வருத்தம் இருக்கும், ஆனால் படுக்கையோடு கட்டிப்போடாது. "தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று எழுதியிருந்தால் அது மற்றவர் மனசை நீங்களே படித்துச் சொல்வது. ரெண்டு பேரிடம் போய்ப் பேசிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கஷ்டமும் எண்ணத்தில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகு கரையில் நிற்கும்போது, வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்போது, "கையில் காசில்லை" என்பது பச்சை உண்மை, அதை யாரும் திருத்த வேண்டாம். "இனி எப்பவுமே எழுந்திரிக்க முடியாது" என்று அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் வாலை மட்டும் சோதியுங்கள். அப்புறம், கெட்ட எண்ணம் டிப்ரஷனைக் கொண்டுவருகிறதா, டிப்ரஷன்தான் கெட்ட எண்ணத்தைக் கொண்டுவருகிறதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. பரம்பரை, தைராய்டு போன்ற உடம்புக் காரணங்களும் உண்டு.

கால் மணி நேரத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டே இருந்தால் சோர்வு நீளும் என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா காட்டியிருக்கிறார். நோட்டை மூடிவிட்டு கடைக்கோ பீச்சுக்கோ நடங்கள்.

ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம், பசி, எதிலும் ஆசை இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கிண்டலுக்குப் பயந்தே எத்தனையோ பேர் அங்கே போகாமல் இருக்கிறார்கள், அந்தக் கிண்டலைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே 14416க்கு அடியுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது மட்டும் நோட்டை எடுத்துப்போங்கள், "என்ன பண்ணுது?" என்று கேட்டால் முழிக்காமல் காட்டிவிடலாம்.