வீட்டுக் கணினிக்குச் செயலியும் எஸ்எஸ்டியும் வாங்குவது எப்படி?

பிள்ளைகளின் பாடம், இணைய வங்கி, வீட்டு வரவு செலவு, குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றுக்காக வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் மேசைக் கணினிக்கு விலை உயர்ந்த செயலி (பிராசசர்) தேவைப்படுவதில்லை. ஆகவே, பட்ஜெட்டில் முதலில் சேமிப்பகத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள தொகைக்குள் செயலியைத் தேடுவதே நல்லது.

பழைய கணினி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டின் மேல் படிப்பான் ஒவ்வோர் இடமாக நகர்ந்தாக வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அதனால் நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை மட்டுமே எட்ட முடியும். சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டியோ அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்துவிடும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வேகத்திலும், என்விஎம்இ என்ற வேகமான வகையில் மூன்றாம் தலைமுறை 3500 எம்பி வரையிலும், நான்காம் தலைமுறை 7000 எம்பி வரையிலும் படிக்கும் என்றாலும், கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டு வேலைகளில் எவரும் உணரப்போவதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எம்.2 என்ற சிறு அட்டை வடிவில் சாட்டா, என்விஎம்இ இரண்டுமே கிடைக்கும் என்பதால், உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொள்ளளவு குறைந்தது 500 ஜிபி, இயன்றால் 1 டிபி இருக்கட்டும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது: மொத்தம் 300 டிபி வரை எழுத உத்தரவாதமுள்ள எஸ்எஸ்டியில் நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட நாற்பது ஆண்டுகள் ஆகும். ஆனால் எஸ்எஸ்டி முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக்கூடும். ஆகவே புகைப்படங்களின் மறுபிரதி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் கட்டாயம் இருக்க வேண்டும்.

செயலியைப் பொறுத்தவரை, இன்டெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரைவிடத் தலைமுறையே முக்கியம். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் ‘ஐ7’ என்ற பெயரோடு மலிவாகக் கிடைக்கும் அசெம்பிள் கணினிக்குள் 2012ஆம் ஆண்டின் ஐ7-3770 இருக்கலாம். அதுவும் 2022இல் வந்த ஐ3-12100உம் நான்கு கோர்கள் (கணிக்கும் மையங்கள்), எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் கையாளும் பணித்தொடர்கள்) கொண்டவையே. எனினும் வேகத்தில் பின்னதே முந்தும். இன்டெல் கோர் வரிசையின் இத்தகைய எண்களில் கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன்னிருப்பது தலைமுறை. எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

பெயரின் இறுதி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெலின் 12400எஃப் போன்றவற்றில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வாங்காவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜியில் கிராஃபிக்ஸ் உண்டு, 5600இல் இல்லை. வீட்டுக்கு ஐ3-12100 அல்லது 5600ஜி தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர் வீட்டில் இருந்தால் மட்டும் ஆறு கோர்களுக்கு மேல் யோசிக்கலாம். ஏஎம்டியின் புதிய செயலிகளைப் பொருத்தும் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 வகை ராமை (தற்காலிக நினைவகத்தை) மட்டுமே ஏற்பதால், பழைய டிடிஆர்4 ராமை மீண்டும் பயன்படுத்த நினைப்போர் அந்தச் சாக்கெட்டைத் தவிர்க்க வேண்டும்.

பில்லில் ‘ஐ3 செயலி’, ‘1 டிபி எஸ்எஸ்டி’ என்று பொதுவாக எழுத விடாமல், முழு மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் குறிக்கச் சொல்லி வாங்குங்கள். உத்தரவாதம் கோரும்போது அவை தேவைப்படும்.