கார் மாடல் கிட்டில் முதல் முறையாக டீட்டெயில் பாகங்கள் போடுகிறீர்களா? சீட் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிட்டைப் பொறுமையாகக் கட்டி முடித்து மேசையில் வைத்துப் பார்க்கிறீர்கள். பெயின்ட் பளபளவென்று வந்திருக்கிறது, டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) நேராக உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் எங்கேயோ பொம்மைக் களை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தடிமன். 1/24 அளவில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜக் காரில் 24 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போது ஓர் எல்லைக்கு மேல் மெல்லிசாகக் கொண்டுவர முடியாது, அதனால் வைப்பர் கம்பி குழாய் மாதிரியும் முன்பக்க கிரில் ஜன்னல் கம்பி மாதிரியும் ஆகிவிடுகின்றன. தனியாக விற்கும் மெட்டல், ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசின்) பாகங்களுக்குப் பெரும்பாலும் இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் வேலை. ஆகவே என் கணக்கு எளிமையானது. எங்கே பிளாஸ்டிக் தடித்துத் தெரிகிறதோ அங்கே மட்டும் மாற்றுங்கள், மற்றதைக் கிட்டில் வந்தபடியே விடுங்கள்.

முதல் கிட்டுக்கு ஒரு சீட் பெல்ட் செட், ஒரு ஜோடி பிரேக் டிஸ்க், கொஞ்சம் மெல்லிய ஒயர், வேண்டுமென்றால் கார்பன் ஃபைபர் டெக்கால். இது போதும். நூற்றைம்பது துண்டுகள் உள்ள பெரிய செட்டை முதலிலேயே வாங்கினால் பாதியில் களைத்துப்போவீர்கள், அதில் பாதித் துண்டு பாடியை மூடிய பிறகு கண்ணிலேயே படாது.

வாங்கும் முன் நிஜக் காரின் படங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விற்கிறார்கள் என்பதற்காகப் போடும் பாகம் சில சமயம் அந்தக் காரிலேயே இருக்காது. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: எடையைக் குறைப்பதற்காகத் தரையில் கார்பெட்டே கிடையாது, கதவைத் திறக்க உள்ளே கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறுதான். அந்தக் காருக்குள் கார்பெட் பவுடர் தூவினால் எவ்வளவு அழகாகத் தூவினாலும் தப்புதான். ஆனால் ஒரு துண்டு நூலைக் கதவில் ஒட்டினால், செலவே இல்லாமல் அந்த இடம் உயிர் பெற்றுவிடும். அதே மாதிரி போர்ஷேயில் மஞ்சள் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) என்றால் அது செராமிக் பிரேக். அப்போது டிஸ்க்குக்கு வெள்ளி நிறம் அடிக்காமல் கரும் சாம்பல் அடிக்க வேண்டும்.

ஒட்டும் முன் பொருத்திப் பாருங்கள்

பசை தொடும் முன் எல்லாப் பாகத்தையும் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, பாடியை மேலே வைத்து மூடிப் பார்க்க வேண்டும். இதை நான் ஒருமுறை செய்யாமல் விட்டேன். ரெசின் சக்கரங்கள் கிட்டின் சக்கரங்களைவிட ஒரு மில்லிமீட்டர் அகலம், டயரும் சேர்ந்தபோது மட்கார்டு விளிம்பில் இடித்தது. அதற்குள் பாடிக்குக் கிளியர் கோட் (கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சு) வரை முடித்திருந்தேன். விளிம்பை உள்பக்கமாகச் சுரண்டப் போய் பெயின்ட் சில்லாகப் பெயர்ந்து, கடைசியில் முழு பாடியையும் திரும்ப அடிக்க வேண்டியதாகிவிட்டது. சுரண்டல், துளை போடுதல், பேனல் கோடுகளை (கதவு, பானெட் இடைவெளிகளைக் காட்டும் பள்ளக் கோடுகள்) ஆழப்படுத்துதல் எல்லாமே ப்ரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்னால்தான். பேனல் கோடு ஏன் என்றால், ப்ரைமர், கலர், கிளியர் என்று மூன்று படலம் ஏறும்போது ஆழமில்லாத கோடு மூடிக்கொள்ளும்.

மெட்டல் துண்டுகளோடு பழகுதல்

போட்டோ எட்ச் என்பது மெல்லிய பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை ரசாயனத்தால் அரித்து எடுக்கும் பாகங்கள். ஃப்ரேமிலிருந்து வெட்டும்போது கட்டர் வேண்டாம், வளைத்துவிடும். கண்ணாடித் துண்டின் மேலோ வழவழப்பான டைல் மேலோ வைத்துக் கத்தியின் நுனியை அழுத்தி வெட்டுங்கள். வெட்டும்போது துண்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எகிறிப் பறந்துவிடும், தரையில் தேடுவது வீண் வேலை. வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிரை மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள்.

மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்கு அரித்த கோடு ஒன்று இருக்கும். வழிகாட்டித் தாள் வேறு மாதிரி சொல்லாத வரை, அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வளைவான வடிவம் தேவைப்பட்டால், பித்தளையைச் சில நொடி தீயில் காட்டி நிறம் மாறியதும் எடுத்து ஆறவிடுங்கள், மெத்தென்று இளகி நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

பிளாஸ்டிக் சிமென்ட் இதில் பிடிக்காது. அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று சேர்க்கிற திரவம், உலோகத்தையும் ரெசினையும் அதால் இளக்க முடியாது. சூப்பர் க்ளூதான் வழி. நேராகப் பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள், ஒரு சொட்டைப் பழைய மூடியில் விட்டு, ஊசி முனையால் தொட்டு எடுத்து வையுங்கள். கண்ணாடிப் பாகங்கள் பக்கம் மட்டும் சூப்பர் க்ளூ போகவே கூடாது, அதன் ஆவி படிந்து வெண்புகை பிடித்த மாதிரி ஆகிவிடும். அங்கே சாதாரண வெள்ளைப் பசை போதும்.

சீட் பெல்ட்

இனி நான் மிகவும் விரும்பும் வேலை. கண்ணாடி வழியாகப் பார்க்கிற யாரும் முதலில் பார்ப்பது சீட்டைத்தான், பெரும்பாலான கிட்டில் பெல்ட் என்பது வெறும் டெக்கால் அல்லது சீட்டிலேயே புடைத்திருக்கும் ஒரு கோடு. நிஜ ரேஸ் பெல்ட் 2 இன்ச் அல்லது 3 இன்ச் அகலம், அப்படியென்றால் 1/24-இல் சுமார் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ரிப்பன். செட்டில் ரிப்பனும் மெட்டல் பக்கிள்களும் தனித்தனியாக வரும்.

ரிப்பனைப் பக்கிளின் பிளவுக்குள் நுழைப்பதுதான் எல்லாரையும் திணற வைக்கும் இடம். நுனி பிரிந்து நார் நாராக நிற்கும், எத்தனை தடவை எச்சில் தொட்டாலும் நுழையாது. இப்படிச் செய்யுங்கள்: ரிப்பன் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், சூப்பர் க்ளூவை ஊசி முனையில் எடுத்து அந்த நுனியில் மட்டும் தொட்டு, ஒரு நிமிடம் காயவிடுங்கள். நுனி இப்போது ஊசி மாதிரி விறைத்து நிற்கும், நூல் கோப்பது போல ட்வீசரால் பிடித்து இழுத்துவிடலாம். கோத்து முடித்ததும் விறைத்த துண்டை வெட்டி எறியுங்கள்.

ஒட்டும்போது பெல்ட்டை இழுத்து விறைப்பாக வைக்காதீர்கள். நிஜத்தில் ஆள் உட்காராத பெல்ட் தொய்ந்து, ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு, பக்கிளின் எடையால் சீட்டின் மடிப்பில் விழுந்துகிடக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ரிப்பனை நனைத்து, அந்தத் தொய்வைப் பல்குத்தியால் வடிவமைத்து, அப்படியே காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். இந்த ஒரு தொய்வு வந்துவிட்டால் சீட்டில் இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கும்.

சக்கரமும் பிரேக்கும்

ரெசின் பாகம் எதுவானாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெய்ப்பசை இருந்தால் பெயின்ட் உரிந்து வரும். தேய்ப்பது எப்போதும் ஈர உப்புத்தாளில்தான், முகக்கவசத்தோடு. ரெசின் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல, இதில் அலட்சியம் வேண்டாம். கோணலாக வந்த துண்டை வெந்நீரில் போட்டு நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் வைத்தால் நேராகிவிடும்.

மெட்டல் டிஸ்க்குக்குப் பெயின்ட்டே வேண்டாம் என்று சிலர் விடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுப் பகுதிக்குக் கொஞ்சம் கறுப்பு, துளைகளுக்குள் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்), அப்புறம் தேயும் பரப்பை மட்டும் துடைத்துவிட்டால் ஓடிய காராகத் தெரியும். டயர்களின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை உப்புத்தாளால் தேயுங்கள், அந்தப் புது ரப்பர் பளபளப்பும் கூடவே போய்விடும்.

கார்பன் டெக்கால்

இதற்கு அடியில் மேற்பரப்பு வழவழவென்று கறுப்பாக இருக்க வேண்டும், சொரசொரப்பில் ஒட்டினால் கீழே காற்று மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். முதலில் மாஸ்கிங் டேப்பைப் பாகத்தின் மேல் ஒட்டி, விளிம்பைப் பென்சிலால் வரைந்து, பிரித்தெடுத்து டெக்கால் ஷீட்டின் மேல் வைத்து வெட்டினால் அளவு சரியாக வரும். நெசவின் திசையைக் கவனியுங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டில் சாய்வு ஏறுக்கு மாறாகப் போனால் உடனே கண்ணில் குத்தும்.

சமதளத்தில் சும்மா உட்காரும். வளைவில்தான் பாடு. டெக்காலை இளக்கும் திரவமான டெக்கால் சாஃப்ட்னர் தடவி, நனைந்த பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து வெளியே உருட்டி, மடிப்பு விழும் இடத்தில் கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடுங்கள். தூரத்திலிருந்து ஹேர் டிரையர் காட்டினால் இன்னும் இளகும். சாஃப்ட்னர் பட்டதும் டெக்கால் சுருங்கி நெளியும், பயந்து கை வைக்காதீர்கள், காயும்போது தானாக இறுகிப் படியும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, கிளியரைப் பனி படிகிற மாதிரி மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்து, அப்புறம்தான் ஈரமான கோட். முதல் கோட்டையே கனமாக அடித்தால் லேக்கர் வகைக் கிளியர் டெக்காலைத் தின்றுவிடும்.

எஞ்சின் ஒயர்

நிஜ ஸ்பார்க் பிளக் ஒயர் 8 மில்லிமீட்டர் என்றால் இங்கே 0.3 மில்லிமீட்டர் ஒயர் சரியாக வரும். அதைவிடத் தடித்தது வேண்டாம், மறுபடி அந்தத் தடிமன் பிரச்சினைக்கே திரும்பிவிடுவோம். ஒயரைவிடக் கொஞ்சம் பெரிய பிட்டைக் கை டிரில்லில் மாட்டித் துளையிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பக்கம் எல்லா ஒயரையும் முதலில் ஒட்டி இறுகவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பிளக் பக்கம் கொண்டுபோங்கள். நீளத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டு வெட்டுங்கள். நேர்கோட்டில் போகும் ஒயர் எந்த எஞ்சினிலும் இல்லை.

கடைசியில் மிச்சமிருப்பது ஃபிலிமில் ஒட்டி வரும் மெட்டல் எழுத்துகளும் சின்னமும். பாடியைப் பாலிஷ் செய்து துடைத்த பிறகுதான் இவை. ஒட்டுகிற இடத்தைக் குறிக்க மெல்லிய மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி, அந்த விளிம்பை ஒட்டி வைத்து விரலால் அழுத்தித் தேயுங்கள், பிறகு மேல் ஃபிலிமை மிகத் தாழ்வாக, கிட்டத்தட்டப் பாடியை உரசியபடியே மெதுவாக உரியுங்கள். எழுத்து ஒன்று கூடவே எழுந்து வந்தால் ஃபிலிமைத் திரும்பக் கீழே படுக்க வைத்து இன்னொரு தடவை தேய்த்தால் போதும். வைப்பரும் பக்கக் கண்ணாடிகளும் எல்லாம் முடிந்து காரை அதன் இடத்தில் வைக்கும்போதுதான் ஒட்டப்பட வேண்டும், இல்லையென்றால் துடைக்கும் துணியில் மாட்டி முதலில் உடைவது அவைதான்.