நம்மை நாமே கேலி செய்யும்போது: கத்தோலிக்க நகைச்சுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 16-ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் வாழ்ந்த பிலிப்பு நேரி, உயிரோடு இருக்கும்போதே மக்கள் தம்மைப் புனிதர் என்று கொண்டாடத் தொடங்கியதும், தாடியில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு வெளியே கிளம்பினார். போலந்துப் பிரபுக்கள் சிலர் அவரைத் தரிசிக்க வந்தபோது, நகைச்சுவைத் துணுக்கு நூல் ஒன்றைச் சீடரை உரக்க வாசிக்கச் சொல்லி, தாமும் விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் விரும்பியதும் அதைத்தான். 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

திருவிழா மேடையிலும் இளையோர் கூட்டத்திலும் இந்த மரபு தழைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனாலேயே, அதைக் கெடுக்கும் தவறுகளைச் சொல்லியாக வேண்டும்.

முதல் தவறு, யாரைக் கேலி செய்கிறோம் என்று பாராதது. நேரி மழித்தது தம் தாடியை. நம் மேடைகளிலோ பெரும்பாலும் எளிய மனிதர்களின் பக்திதான் கேலிப்பொருளாகிறது. வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் நகர்ந்து போகும் பெண்ணைப் பாருங்கள். சேலை முழுக்க மண், கையில் செபமாலை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மகளோ மருமகளோ. அவருடைய வேண்டுதல் என்னவென்று நமக்குத் தெரியாது. நாலு புத்தகம் படித்த இளைஞர் அந்த நடையை மேடையில் நடித்துக் காட்டினால், அது சுயகேலி ஆகாது. தன்னை உயர்த்திக்கொள்ளும் வேலை. 2024 ஜூன் 14 அன்று உலகெங்குமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்த திருத்தந்தை பிரான்சிஸ், நாம் நேசிப்பவர்களோடு விளையாடுவதுபோலக் கடவுளைப் பற்றியும் சிரிக்கலாம் என்றார். கூடவே, நம்பிக்கையாளரின் சமய உணர்வை, குறிப்பாக ஏழைகளின் உணர்வைப் புண்படுத்தாமல் அதைச் செய்யலாம் என்றும் சொன்னார். இந்த இரண்டாம் பகுதியைத்தான் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடியது சாதி வாடை. கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அப்படியிருக்க, ஒரு தெருவாரின் பேச்சையோ பெயரையோ எடுத்துக்கொண்டு ‘நமக்குள் சும்மா விளையாட்டு’ என்று சமாளிப்பதை எந்தப் பங்கும், அதாவது எந்தக் கோவில் சமூகமும், அனுமதிக்கக் கூடாது. அந்த ‘நமக்குள்’ அங்கே இன்னும் உருவாகவே இல்லை.

சிரிக்க நம்மிடம் வேறு விஷயமா இல்லை? நீண்ட மறையுரை (பிரசங்கம்) ஒன்று போதுமே! ‘இறுதியாக’ என்று சாமியார் மூன்றாம் முறை சொல்லும்போது, எழத் தயாரான பாடகர் குழு மீண்டும் உட்காருகிறது. கோவிலே புரிந்துகொண்டு சிரிக்கும், சாமியாரும் சிரிப்பார். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில், பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே போக, சன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பவுல் இறங்கிவந்து அவனை உயிரோடு மீட்டுவிட்டு, மறுபடி விடியும்வரை பேசுகிறார். மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று பிரான்சிஸ் 2024-இல் சொன்னதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் வேண்டாம். பங்குப் பேரவைக் கூட்டம், கடைசி பெஞ்சுக்கு நடக்கும் போட்டி, திருப்பலி முடிவில் வரும் அறிவிப்புகள் எல்லாமே இந்த வகைதான்.

ஒப்புரவு அருளடையாளத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, வைத்துச் சிரிக்க நினைக்கும் குருக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஒருமுறை ஒருவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்’ என்று தொடங்கும் கதையே வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும், கற்பனையாகவே இருந்தாலும், கேட்பவர் மனத்தில் ‘நாம் சொன்னதும் ஒருநாள் மேடையேறுமோ’ என்ற பயம் புகுந்துவிடும். திருச்சபைச் சட்டம் 983 பாவசங்கீர்த்தன இரகசியத்தை மீற முடியாதது என்கிறது. அடுத்த எண், இரகசியம் வெளியே வரும் ஆபத்து இல்லாதபோதும், கேட்டதைப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாகக் குரு பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஒரு சிரிப்புக்காக ஒருவரைக் கூண்டுக்கே வரவிடாமல் செய்வது மிகப்பெரிய விலை.

இடமும் பொருளும் பாராதது இன்னொரு தவறு. ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் உயிர்ப்பு ஞாயிறன்று மறையுரையிலேயே மக்களைச் சிரிக்க வைக்கும் ‘பாஸ்கா சிரிப்பு’ என்ற வழக்கம் இருந்தது. சாவு தோற்றுவிட்டது, ஆகவே சிரியுங்கள் என்ற அழகான எண்ணம் அது. ஆனால் குயில்போலக் கூவுவதும் ஆபாசக் கதை சொல்வதுமாக அது தடம் புரண்டது. 1518-இல் பாசெல் நகரின் இறையியலர் எக்கோலம்பாடியுஸ் அதைக் கண்டித்தே எழுதினார். திருப்பலி முடியட்டும், முற்றத்தில் நேரம் நிறைய இருக்கிறது.

பிற கிறிஸ்தவ சபையாரின் ‘அல்லேலூயா’ முழக்கத்தை நடித்துக் காட்டுவதையும் சுயகேலிக் கணக்கில் சேர்க்க முடியாது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையே அடுத்தவர் குருமாரை ஏளனம் செய்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானது. இத்தனைக்கும் அதில் யாருடைய சமயத்தின் பெயரும் முன்வைக்கப்படவில்லை.

கடைசியாக, பொய் மேற்கோள்கள். வண்டி சேற்றில் கவிழ்ந்தபோது ‘இப்படி நடத்தினால் உமக்கு நண்பர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்’ என்று ஸ்பெயின் நாட்டுப் புனிதர் அவிலா தெரேசா ஆண்டவரிடம் சொன்னதாக ஒரு கதை எங்கும் உலவுகிறது. அவர் எழுதியவற்றில் அது இல்லை. சிரிப்பதற்காகவென்றாலும் புனிதர் வாயில் சொல்லைத் திணிக்கக் கூடாது. நல்ல ஆதாரமுள்ளது வேண்டுமென்றால் இங்கிலாந்துப் புனிதர் தாமஸ் மோரை எடுத்துக்கொள்ளுங்கள். 1535-இல் தலை வெட்டப்படுவதற்கு முன், ஆட்டம் கண்டிருந்த மேடைப்படியில் நின்று, ‘ஏறும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று காவல் அதிகாரியிடம் அவர் சொன்னதை மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிவைத்திருக்கிறார்.