தையல் போட்ட காயத்தை வீட்டில் பேணும் முறை

அரிவாள்மனையை வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஒருநாள் அது சரிந்து அம்மாவின் பாதத்தின் மேல் விழுந்ததில் இரண்டு அங்குல நீளத்துக்குத் தோல் பிளந்துவிட்டது. மருத்துவமனையில் கழுவித் தைத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல் பிரிக்கும்வரை இருந்த 13 நாட்களும் அந்தக் காயம் எங்கள் கையில்தான் இருந்தது. காயத்தை ஆற்றும் வேலையை உடம்பு தானே செய்துகொள்கிறது என்பதையும், வீட்டில் இருப்பவர்கள் அக்கறை மிகுதியால் செய்யும் சில காரியங்களே அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன என்பதையும் அப்போதுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதுவது, மருத்துவர் சுத்தம் செய்து தைத்த வெட்டுக் காயத்துக்கு மட்டுமே பொருந்தும். நாய்க்கடி, ஆணி ஏறிய காயம், தீப்புண் ஆகியவற்றுக்கு முறை வேறு.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கட்டை என்றைக்குப் பிரிக்கலாம், எப்போதிலிருந்து தண்ணீர் படலாம், எந்தத் தேதியில் தையல் பிரிக்க வர வேண்டும், வலிக்கு எந்த மாத்திரை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைத் தொடரலாமா என்பவை முக்கியமானவை. டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சுத்தமான காயமாக இருந்தால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டுகளும், மண்ணோ துருவோ பட்ட காயமாக இருந்தால் 5 ஆண்டுகளும் கடந்திருக்கும்போது மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் 48 மணி நேரம் கட்டைத் தொடாமல், நனையாமல் வைத்திருப்பதே பெரிய வைத்தியம். காலில் காயம் என்றால், படுத்திருக்கும்போது இரண்டு தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்தால் வீக்கமும் விண்விண்ணென்று தெறிக்கும் வலியும் குறையும். கட்டின் வழியே ரத்தம் கசிந்தால் கட்டைப் பிரிக்காமல், மேலே இன்னொரு சுத்தமான துணியை வைத்து, 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பெயர்ந்துவிடும். அப்படி அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

இனி, கட்டு மாற்றும் முறை. பெரும்பாலான தவறுகள் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தேவையான காஸ் துணி, பிளாஸ்திரி, கத்தரிக்கோல், சலைன் என்ற உப்பு நீர், பழைய கட்டைப் போடுவதற்கு ஒரு பை ஆகிய எல்லாவற்றையும் முதலில் எடுத்து அருகில் வைத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மோதிரத்தைக் கழற்றி, இரு கைகளையும் நகக்கண்வரை சோப்புப் போட்டு 20 விநாடிகளாவது தேய்த்துக் கழுவுங்கள். பழைய கட்டை எடுத்ததும் மறுபடி ஒருமுறை கழுவ வேண்டும். பழைய கட்டிலிருந்த கிருமியை நம் கையே புதிய கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால் இந்த இரண்டாவது கழுவலை விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் நாள் நான் அம்மாவின் கட்டைப் பிரித்தபோது காஸ் துணி காய்ந்து காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் வலி சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து இழுத்தேன். துணியோடு மெல்லிய புதுத் தோலும் வந்து, தையலுக்கு இடையில் மணி மணியாக ரத்தம் துளிர்த்தது. மூன்று நாட்களாக உடம்பு கட்டியதை ஒரு நொடியில் நான் பிய்த்தெடுத்துவிட்டேன். ஒட்டியிருக்கும் துணியின் மேல் சலைனை ஊற்றி 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, பிறகு ஓரத்திலிருந்து காயத்தை நோக்கி, தோலோடு படிந்தாற்போல் மெதுவாக மடித்து எடுப்பதே சரியான முறை. அடுத்த நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். அம்மா முகம் சுளிக்கவே இல்லை.

சலைன் மருந்துக் கடையில் கிடைக்கும். கிடைக்காதபோது, ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி, தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து, அரை டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். அதை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். காஸ் துணியை அதில் நனைத்து, காயத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். ஒருமுறை துடைத்த துணியை மறுபடி காயத்தில் வைக்கக் கூடாது. வெறும் பஞ்சின் இழைகள் தையலில் சிக்கி உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அதைக் காயத்தின் மேல் நேராக வைப்பதைத் தவிர்க்க வேண்டும். சுத்தம் செய்து ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு, மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தால் அதையும், இல்லாவிட்டால் அவரைக் கேட்டுக்கொண்டு பெட்ரோலியம் ஜெல்லியையும் மெல்லிய படலமாகத் தடவி, புது காஸ் வைத்து, விரல்கள் மரத்துப் போகாத அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கட்டு நனைந்தாலும் அழுக்கானாலும் உடனே மாற்றிவிட வேண்டும்.

புண் காற்றாட இருந்தால்தான் காயும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களில், ஈரப்பதம் போகாதபடி மூடியவை திறந்து வைத்துப் பொருக்குத் தட்டியவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியதைக் காட்டினார். புதுத் தோலின் உயிரணுக்கள் காயத்தின் ஓரங்களிலிருந்து நகர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். தரை ஈரமாக இருந்தால் அவை எளிதாக நகரும். கெட்டியான பொருக்கு இருந்தால் அதன் அடியில் வழி தேடிப் போக வேண்டியிருக்கும். ஈரப்பதம் என்று சொல்வது சொதசொதவென்று நனைந்து கிடப்பதை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்திருந்தால் ஈரம் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

காயத்தில் எதைப் போடுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்த உறவினர்களில் ஒருவர் மஞ்சள் தூளையும், இன்னொருவர் காப்பித் தூளையும் சொன்னார்கள். மஞ்சளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியதல்ல, அது தையலுக்குள் போய் அடைந்தால் காயம் சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்கவும் விடாது. சாம்பல், சுண்ணாம்பு, பற்பசை எதுவுமே வேண்டாம். டெட்டாலை நீர் கலக்காமல் ஊற்றுவதும், ஸ்பிரிட் தடவுவதும், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் விடுவதும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் உயிரணுக்களையும் அழிக்கின்றன. கடையில் கேட்டவுடன் கொடுக்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், காயம் அரிக்கிறது என்று அவற்றை எடுத்துத் தடவிவிடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது, பருப்பு ஆகாது என்று சொல்லி, காயம்பட்டவருக்கு ரசஞ்சோறு மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. புதுச் சதை வளர்வதற்குப் புரதமே மூலப்பொருள். அதை நிறுத்திவிட்டுக் காயம் ஏன் ஆறவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. ஒவ்வாமை இல்லாதவர்கள் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருக்கும் வைட்டமின் சி, காயத்தை இணைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாகத் தேவையானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இந்த நாட்களிலாவது அதை நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, காயத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால் காயம் தனிக் கவனத்துக்கு உரியது. நரம்புகள் மரத்திருந்தால் கிருமி பரவினாலும் வலி தெரியாது. ஆகவே வலிக்கவில்லை என்பதை வைத்துக் காயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாமல், வீட்டில் ஒருவர் தினமும் வெளிச்சத்தில் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரையை அடிக்கடி சோதிப்பதும், மாத்திரையையோ இன்சுலினையோ தவறவிடாமல் இருப்பதும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பதும் கட்டு மாற்றுவதற்குச் சமமாக முக்கியமானவை.

முதல் 3, 4 நாட்களுக்குத் தையலை ஒட்டி இலேசான சிவப்பும் சூடும் வீக்கமும், வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர்க் கசிவும் இருப்பது இயல்பு. அது சீழ் அல்ல. நாளாக ஆக இவை குறைய வேண்டும். குறையாமல் கூடினால்தான் கவலைப்பட வேண்டும். சிவப்பின் எல்லையைத் தோலில் பேனாவால் கோடு போட்டு வைத்தால், மறுநாள் அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று சந்தேகமின்றித் தெரிந்துவிடும். சிவப்புப் பரவினாலோ, காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, தையல் விட்டுக் காயம் வாய் பிளந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குளிர் நடுக்கமும் மூச்சிரைப்பும் மனக் குழப்பமும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது.

தையல் பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும். முகத்தில் 3 முதல் 5 நாட்களிலும், தலையில் 7 முதல் 10 நாட்களிலும், கை கால்களில் 10 முதல் 14 நாட்களிலும் பொதுவாகப் பிரிப்பார்கள். அதுவரை, மருத்துவர் அனுமதித்த பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாமே தவிர, குளத்திலோ ஆற்றிலோ இறங்கிக் காயத்தை ஊறவைக்கக் கூடாது. வீட்டுக் கத்தரிக்கோலால் நாமே பிரித்துக்கொள்வதும் தவறு. பிரித்துவிட்டதும் காயம் முழுவதும் ஆறிவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் வாரத்தில் அந்த இடத்தின் உறுதி, காயப்படாத தோலின் உறுதியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பல மாதங்கள் கழித்தும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தேறாது. ஆகவே சில வாரங்களுக்குத் தழும்பின் மேல் செருப்பு வார் உரசாமலும், இழுவிசை விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் தழும்பு கருத்து நிலைத்துவிடும் என்பதால் முதல் 6 மாதங்களாவது அதைத் துணியால் மறைத்துக்கொள்வது நல்லது. தழும்பு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர ஆரம்பித்தால் தொடக்கத்திலேயே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.