கோழிக்கு வருத்தம் வந்தால் செய்யக்கூடாதவை

வன்னியில் ஒரு பேடு செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கத் தொடங்கினால், உடனே அதைப் பிடித்து, அலகைப் பிரித்து, உள்ளியும் மிளகும் இடித்த சாற்றைக் கடகடவென்று பருக்கிவிடுவார்கள். வருத்தத்தால் சாகாத கோழியும் இதனால் செத்துப்போகும். வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னால் சின்னக் கீறல் மாதிரி ஒரு துளை திறந்து திறந்து மூடும். மூச்சுக்குழாயின் வாசல் அது. ஊற்றுவது நேரே அதற்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, அது விழுங்கும் வரை பொறுத்து, அப்புறம் அடுத்த துளி. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கோழிக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும்.

தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று பனடோல் கரைத்துக் கொடுப்பதும் வீண் வேலை. சுகமான கோழியின் உடம்பே ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ்; நமது கைக்குச் சுடத்தான் செய்யும். மாரியில் நுளம்பு பரப்பும் அம்மைக் கொப்புளங்களை உரிக்காதீர்கள்.

இனி, தனியே வைப்பது. பிரித்து வைக்கத்தான் வேண்டும், ஆனால் இருட்டு மூலையில் கடகத்தால் மூடிவிட்டுப் போனால் தீனியையும் வெறுத்துவிடும். கூட்டமாக வாழும் பிராணி அது. நாய் கடித்த காயமென்றால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள், மற்றவை கண்ணில் படட்டும். தொற்று வருத்தமென்று சந்தேகம் வந்தால் தூரத்தில்தான். அப்போது நீங்கள்தான் அதற்குத் துணை: பக்கத்தில் இருந்து பேசுங்கள், தவிட்டைக் குழைத்துக் கையில் நீட்டுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் மட்டும் வளவில் என்றிருக்கும் வீடுகளில் பகல் முழுக்கப் பேச்சுக்கு ஆள் அந்தக் கோழிதான். அதைப் பார்க்கப் போய் அந்தத் தாய்மாரும் நேரத்துக்கு எழும்பிச் சாப்பிடுவார்கள். ஒரு கோழிக்கு இவ்வளவா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுகமான கோழிகளுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, வருத்தக் கோழியைக் கடைசியில் பார்த்து, கையையும் செருப்பையும் கழுவுங்கள்.

கழுத்து முறுகி, எச்சம் பச்சையாகப் போனால் அது இராணிக்கெட்டு என்ற கொடிய தொற்று வருத்தமாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, முன்கூட்டிப் போடும் தடுப்பூசிதான். அறுத்துக் கறியாக்க நினைக்காமல் அரச கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். செத்ததைக் குளத்தில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

தேறிய கோழியைப் பட்டப்பகலில் கூட்டத்துக்குள் விட்டால் மற்றவை கொத்தித் துரத்தும். இரவில் எல்லாம் அடைந்த பிறகு கூட்டில் ஏற்றிவிட்டு, விடிந்ததும் போய்ப் பாருங்கள். இரத்தம் வரக் கொத்தினால் திரும்பவும் வலைக்கு இந்தப் பக்கம்தான்.