தீர்வின் முதல் வரி: இயற்பியல் கைடை வைத்துத் தேர்வுக்குத் தயாராவது எப்படி

"மேடம், கைடு முழுசா முடிச்சுட்டேன். ஆனா மாதிரித் தேர்வுல பாதி மார்க் கூட வரல."

உயர்நிலை இயற்பியல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் சொல்லும் புகார் இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "முடிச்சேன்னா, என்ன செஞ்ச?" கேள்வியைப் படித்திருப்பார்கள், தீர்வைப் படித்திருப்பார்கள், சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். அடுத்தவர் போட்ட கணக்குக்குத் தலையாட்ட இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இயற்கணிதம் தெரிந்தாலே போதும்.

கைடில் உள்ள எந்தத் தீர்வையும் எடுத்துப் பாருங்கள். இயற்பியல் பெரும்பாலும் முதல் வரியிலேயே முடிந்திருக்கும். "இங்கே ஆற்றல் மாறாது", "இங்கே மின்னூட்டம் மாறாது", "நிறை மையச் சட்டகத்துக்குப் போவோம்." இந்த முடிவை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் குறியீடுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவதுதான். தேர்வு சோதிப்பது அந்த முடிவை. கைடோ அதை நாம் கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுகிறது. ஆகவே அந்த வரியைக் கைடு சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். கீழே நான் சொல்லும் வழி முழுவதும் இதற்காகத்தான்.

முதல் நாள் கணக்கு வேண்டாம்

கைடு கைக்கு வந்த அன்றே கணக்கில் இறங்காதீர்கள். முதலில் தேர்வின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைடின் பக்கங்களை எண்ணுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ இயற்பியல் தேர்வை எடுத்துக்கொண்டால், அதை நடத்தும் ஈடிஎஸ் பங்கீட்டை வெளிப்படையாகவே சொல்கிறது: இயக்கவியல் 20 விழுக்காடு, மின்காந்தவியல் 18, குவாண்டம் இயக்கவியல் 12, வெப்ப இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும் சேர்ந்து 10, அணு இயற்பியல் 10, ஒளியியலும் அலைகளும் 9, சிறப்புச் சார்பியல் 6, ஆய்வக முறைகள் 6, மீதி 9 சிறப்புத் துறைகளுக்கு. கைடோ எழுதியவருக்கு எழுத வசதியான பாடத்தில் தடித்தும், வசதியில்லாத பாடத்தில் மெலிந்தும் இருக்கும். ஆய்வக முறைகள் கடைசியில் ஒட்டவைத்ததுபோல் நாலு பக்கம் வரும், அல்லது வரவே வராது.

ஆய்வக முறைகளின் அந்த 6 விழுக்காடு சார்பியலின் 6 விழுக்காட்டுக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். சார்பியலில் மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே பிள்ளை, துகள்களை எண்ணும் சோதனையில் பிழை என்பது எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்று பார்த்தே இருக்காது. 100 எண்ணினால் பிழை 10, அதாவது 10 விழுக்காடு. 1 விழுக்காடு துல்லியம் வேண்டுமென்றால் 10,000 எண்ண வேண்டும். ஒரே மாலையில் கைவசமாகும் பகுதி இது. கைடு தராவிட்டால் வேறெங்காவது தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்தது, கைடு எந்த மரபைப் பின்பற்றுகிறது என்று பார்ப்பது. வெப்ப இயக்கவியலின் முதல் விதியில் சில நூல்கள் வாயு செய்த வேலையை எடுத்து, அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை என்று எழுதும். வேறு சில வாயுவின் மீது செய்த வேலையை எடுத்து + போடும். இரண்டும் சரி, பாடநூலில் ஒன்றும் கைடில் மற்றொன்றும் இருந்தால் மாணவர் பாடுதான் திண்டாட்டம். கோள ஆயத்தொலைவில் செங்குத்து அச்சிலிருந்து அளக்கும் கோணத்தை இயற்பியல் நூல்கள் தீட்டா என்கின்றன. பல கணித நூல்களில் அது ஃபை. கூலும் விதி 4பை எப்சிலான் இல்லாமல் வந்தால் அது காஸியன் அலகு, அதாவது மின்னியலுக்கான இன்னொரு அலகு முறை. ஃபூரியர் மாற்றத்தில் 2பை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இவற்றையெல்லாம் கைடின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள். பின்னால் ஒரு குறி மாறி விடை வரும்போது, "எனக்கு இயற்பியலே வராது" என்று அழாமல் அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம்.

முதல் வரிப் பயிற்சி

பாடத்தைப் பாடநூலில் படியுங்கள். கைடின் தொடக்கத்தில் வரும் சுருக்கம் தெரிந்தவருக்கு நினைவூட்டல், தெரியாதவருக்குப் புதிர். பாடநூலை மூடிய பிறகு அந்த அத்தியாயத்தின் முக்கியச் சமன்பாடுகளை வெற்றுத்தாளில் நீங்களே எழுதி, அதன்பின் கைடின் சுருக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. தீர்வுப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டு, பத்துப் பதினைந்து கேள்விகளை வரிசையாக எடுங்கள். எதையும் தீர்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த விதி, அது இங்கே ஏன் செல்லும், எது மாறாமல் இருக்கிறது. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எல்லாம் எழுதிய பிறகு தீர்வுகளைத் திறந்து, அவற்றின் முதல் வரியை மட்டும் ஒப்பிடுங்கள். பொருந்தாத கேள்விகளை அன்றே முழுதாகப் போடுங்கள். பொருந்தியவற்றில் சிலவற்றைக் கை பழகுவதற்காகப் போட்டால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. நீளம் எல் உள்ள சீரான தடி, கீழ்முனை தரையில் கீலால் பொருத்தப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது. லேசாகத் தட்டினால் சாய்ந்து விழும். தரையைத் தொடும்போது மேல்முனையின் வேகம் என்ன? தெரிவுகள்: √(2ஜிஎல்), √(3ஜிஎல்), 2√(ஜிஎல்), 2√(3ஜிஎல்). ஜி என்பது ஈர்ப்பு முடுக்கம்.

எழுத வேண்டிய வரி இது: "கீலில் உராய்வு இல்லை, ஆகவே ஆற்றல் மாறாது, நிறை மையம் இறங்குவது எல்/2, சுழற்சி கீலைப் பற்றியது, ஆகவே நிலைமத் திருப்புத்திறன் நிறை × எல்² ÷ 3." இது கைக்கு வந்துவிட்டால் √(3ஜிஎல்) தானாக விழும்.

இப்போது தவறான தெரிவுகளைப் பாருங்கள். கேள்வி எழுதுபவர் அவற்றைச் சும்மா போடுவதில்லை. தடியை மறந்து, முனையில் தனியாக ஒரு கல் விழுவதாக நினைத்தவருக்கு √(2ஜிஎல்). நிறை முழுவதும் நடுப்புள்ளியில் இருப்பதாக எடுத்தவருக்கு 2√(ஜிஎல்). மையத்தைப் பற்றிய 1/12-ஐக் கீலுக்குப் போட்டவருக்கு 2√(3ஜிஎல்). ஆளுக்கொரு பொறி வைத்திருக்கிறார்! கைடில் விடை சரியாக வந்த கேள்விகளிலும் மற்ற மூன்று தெரிவுகளுக்கு எந்த வழியில் போனால் போய்ச்சேரலாம் என்று தேடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். என் பார்வையில், கைடிலிருந்து மாதிரித் தேர்வுக்குத் தாவ வைப்பது இதுதான்.

இந்தக் கணக்கில் இன்னொரு சுவையும் உண்டு. அதே உயரத்திலிருந்து தனியாக விழும் கல்லைவிடத் தடியின் முனை அதிக வேகத்தோடு தரையைத் தொடுகிறது. ஆற்றல் எங்கிருந்து வந்தது? கீலுக்கு அருகில் உள்ள பகுதி தனியாக விழுந்திருந்தால் எடுத்திருக்கும் வேகத்தை எடுக்கவில்லை. அந்த மிச்சம் தடியின் விறைப்பு வழியாக மேலே போயிருக்கிறது. கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உள்ள புள்ளி மட்டும், தன் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகத்தோடு சரியாகப் பொருந்தும். இதை எந்தக் கைடும் கேட்காது. போட்டுப் பாருங்கள், இரண்டே வரி.

சில கேள்விகளில் முதல் வரி ஒரு சொல்லாகவே இருக்கும். இணைத்தகடு மின்தேக்கிக்குள் மின்காப்புப் பலகையைச் செருகினால் சேமித்த ஆற்றல் கூடுமா, குறையுமா? பேட்டரி இணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் மாறாது. மின்காப்பு மாறிலி எத்தனையோ, ஆற்றல் அத்தனை மடங்காகும். கழற்றிய பிறகு செருகினால் மின்னூட்டம் மாறாது. ஆற்றல் அதே எண்ணால் வகுபடும். கேள்வியில் பேட்டரியைப் பற்றிய அரை வாக்கியத்தைத் தாண்டிப் போனவருக்கு எத்தனை சமன்பாடு தெரிந்திருந்தும் பயனில்லை.

முழுதாகப் போடும்போது

தீர்வை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். முட்டி நின்றால் ஒரே ஒரு வரி கீழே இறக்கிப் பாருங்கள், மறுபடி மறையுங்கள். கைடைப் பார்த்து முடித்த எந்தக் கணக்கையும் அன்றைக்கு முடித்ததாகக் கொள்ளக் கூடாது. இரண்டு நாள் கழித்து வெற்றுத்தாளில் வந்தால்தான் கணக்கு.

தவறிய கேள்விக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். பாடமே தெரியவில்லையென்றால் 'தெ'. பாடம் தெரியும், தொடக்கத்தைத் தவறாகத் தேர்ந்தோமென்றால் 'தொ'. எல்லாம் சரி, கணக்கில் கை சறுக்கியதென்றால் 'க'. மூன்றுக்கும் மருந்து வேறு. 'தெ' பாடநூலுக்குத் திரும்பச் சொல்கிறது. 'தொ' முதல் வரிப் பயிற்சியைக் கூட்டச் சொல்கிறது. 'க' மட்டும் நிறைய இருந்தால் புதிய பாடம் எதுவும் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரியிலும் அலகைச் சரிபார்க்கும் பழக்கம் வந்தால் போதும். எல்லாவற்றையும் "சில்லி மிஸ்டேக்" என்ற ஒரே மூட்டையில் கட்டிப்போடும் பிள்ளைகள்தான் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

விடை பொருந்தாதபோது

கைடுகளில் அச்சுப்பிழை உண்டு, கருத்துப்பிழையும் உண்டு. தவறு உங்களுடையதா கைடினுடையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் அலகு. அடுத்தது எல்லைநிலை. சரிவில் நழுவாமல் உருளும் பொருளின் முடுக்கம், ஜி சைன் தீட்டாவை (1 + பீட்டா)வால் வகுத்தது. தீட்டா சரிவின் கோணம், பீட்டா நிலைமத் திருப்புத்திறனை நிறை × ஆரம்²-ஆல் வகுத்த எண். திண்கோளத்துக்குப் பீட்டா 2/5, திண் உருளைக்கு 1/2, வளையத்துக்கு 1. பீட்டாவைப் பூச்சியமாக்கினால் உராய்வில்லாமல் சறுக்கும் பொருளின் ஜி சைன் தீட்டா கிடைக்க வேண்டும், கிடைக்கிறது. கைடின் விடை இந்தச் சோதனையில் விழுந்தால் தைரியமாக அடித்துத் திருத்துங்கள். இரண்டு விடைகளும் தேறினால் பெரும்பாலும் மரபு வேறுபாடுதான், உள்ளட்டையைப் பாருங்கள்.

நவீன இயற்பியலில் எண்களே சோதனை. ஹெச்சி, அதாவது பிளாங்க் மாறிலி × ஒளியின் வேகம், 1240 எலக்ட்ரான் வோல்ட் நானோமீட்டர். 300 கெல்வினில் கேடி, அதாவது போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை, ஏறக்குறைய 1/40 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். கூலும் விதியின் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1.44 எலக்ட்ரான் வோல்ட் நானோமீட்டர். இந்த நான்கும் நாக்கு நுனியில் இருக்கட்டும். 1.44-ஐப் போர் ஆரமான 0.0529-இன் இரு மடங்கால் வகுத்தால் ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றலான 13.6 எலக்ட்ரான் வோல்ட் வந்துவிடும். எலக்ட்ரானும் பாசிட்ரானும் சேர்ந்த பாசிட்ரோனியத்தைக் கேட்டால் குறைக்கப்பட்ட நிறை பாதியாகிறது, ஆகவே 6.8. சூத்திரம் மறந்த அன்றும் விடையைப் பிடித்துவிடலாம்.

மாதிரித் தேர்வுகளும் கழிவு மதிப்பெண்ணும்

கைடின் பின்னால் உள்ள மாதிரித் தேர்வுகளை அத்தியாயக் கணக்குகளோடு சேர்த்துக் கரைத்துவிடாதீர்கள். கடைசி மாதத்துக்கு ஒதுக்கி, கடிகாரத்தை வைத்து, ஒரே மூச்சில் எழுதுங்கள். பழைய உண்மையான வினாத்தாள் கிடைக்குமானால் அதற்கே முதலிடம். கைடு எழுதுபவர் தேர்வை ஊகிப்பவர்தான்.

ஊகித்து விடை குறிக்கலாமா என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். தவறுக்குக் கழிவே இல்லாத தேர்வில் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது. நான்கு தெரிவு, சரிக்கு 1, தவறுக்கு 1/3 கழிவு என்றால் கண்ணை மூடிக் குறிப்பதன் சராசரிப் பலன் பூச்சியம். ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டால் அது 1/9, இரண்டை நீக்கினால் 1/3. பொறிகளைத் தேடிப் பழகியவருக்கு ஒன்றையாவது நீக்குவது பெரிய காரியமில்லை.

"இன்னொரு கைடு வாங்கலாமா மேடம்?" என்பது தேர்வு நெருங்கும்போது தவறாமல் வரும் கேள்வி. முதல் கைடில் 'தொ' போட்ட கேள்விகள் எல்லாம் தேறும் வரை வேண்டாம். ஒரு குறிப்பிட்ட பகுதி அதில் மெலிந்திருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் நூலகத்திலோ நண்பரிடமோ வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் யார் என்ன புதுக் கைடைக் கொண்டுவந்து நீட்டினாலும் பிரிக்காதீர்கள். 'தொ' கேள்விகளை மட்டும் திறந்து, முதல் வரியை எழுதி, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போங்கள்.